ஒப்புதலும் ஆணையும்: அரசுக் கண்காணிப்பும் பெருநிறுவனத் தரவுச் சேகரிப்பும் – இந்தியச் சட்ட நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

இணையவெளியில் தனியுரிமைக்கு நேரும் இடர்களை அரசுக் கண்காணிப்பு, பெருநிறுவனத் தரவுச் சேகரிப்பு என இரண்டாகப் பிரித்து, இவற்றுள் எது கொடியது என வினவுவது வழக்கமாக உள்ளது. இவ்விரண்டும் தனித்தனியே இயங்குவன அல்ல. நிறுவனம் திரட்டிய தரவே அரசுக் கண்காணிப்பின் மூலப்பொருளாக மாறியுள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இந்தியச் சட்டம் நிறுவனத்தை ஒப்புதலாலும் அரசை ஆணை முறையாலும் கட்டுப்படுத்துகிறது. தரவு முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும் வாயிலில் இவ்விரு காவலும் தளர்கின்றன என்பதே இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தனியுரிமை, கண்காணிப்பு, தரவுப் பாதுகாப்பு, ஒப்புதல், இடைமறிப்பு, விகிதாசார நெறி.

முன்னுரை

தமிழில் ‘அந்தரங்கம்’, ‘தனியுரிமை’ ஆகிய இரு சொற்களும் ஒரே பொருளில் ஆளப்படுகின்றன. முன்னது மறைவானதைச் சுட்டும். பின்னது, தன்னைப் பற்றிய செய்தி யாரிடம், எந்நோக்கத்திற்காகச் செல்ல வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமையைச் சுட்டும். இக்கட்டுரை பின்னதையே கைக்கொள்கிறது. மறைக்க ஏதுமில்லாதவருக்கும் இவ்வுரிமை உண்டு.

2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அரசமைப்பு காக்கும் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வுரிமையில் அரசு தலையிட வேண்டுமாயின் சட்டத்தின் அடிப்படை, முறையான நோக்கம், நோக்கத்திற்கு ஏற்ற அளவு ஆகிய மூன்றும் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் வழி நிலைபெற்ற நெறியாகும். அரசாலும் அரசு சாராதோராலும் தனியுரிமைக்கு இடர் நேரலாம் என்பதையும் அத்தீர்ப்பு சுட்டியது. இவ்விரு தரப்பையும் சட்டம் எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்பதைத் தனித்தனியே கண்டபின், அவை இணையும் இடத்தை ஆராய்வது பொருத்தமாகும்.

ஒப்புதல் என்னும் காவல்

நிறுவனத்திற்கும் பயனருக்கும் இடையிலான உறவு ஒப்பந்த உறவாகும். எனவே, சட்டம் அங்கு ஒப்புதலைக் காவலாக வைக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஒப்புதல் சுதந்திரமானதாகவும் குறிப்பிட்ட நோக்கத்திற்கானதாகவும் அறிந்தளித்ததாகவும் நிபந்தனையற்றதாகவும் ஐயத்திற்கு இடமற்றதாகவும் அமைய வேண்டும் என்கிறது. தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும் வகையில் வகுக்கப்பட்டுள்ளன.

ஒப்புதல் நடைமுறையில் எவ்வளவு வலுவற்றதாகலாம் என்பதற்கு வாட்ஸ்அப் 2021இல் வெளியிட்ட தனியுரிமைக் கொள்கை சான்றாகும். அக்கொள்கையை ஏற்றால் மட்டுமே சேவையைத் தொடரலாம் என்ற நிலையில், பயனரின் இசைவு தெரிவாக இல்லாமல் கட்டாயமாயிற்று. இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் இதனைச் சந்தை ஆதிக்கத்தின் தவறான பயன்பாடாகக் கருதி, மெட்டா நிறுவனத்திற்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உற்றாரும் அலுவலகமும் ஒரே செயலியில் கூடியிருக்கும்போது, அதிலிருந்து விலகும் உரிமை ஏட்டளவிலேயே நிற்கிறது.

ஆணை என்னும் காவல்

அரசு குடிமக்களிடம் ஒப்புதல் கேட்பதில்லை, ஆணையிடுகிறது. நிறுவனம் விளம்பரம் காட்டலாம், விலையை மாற்றலாம், சேவையை மறுக்கலாம். அரசோ கைது செய்யவும் வழக்குத் தொடரவும் இயலும். ஆகவே, அரசின் ஆணைக்குக் கடுமையான முன்நிபந்தனைகள் தேவை.

1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், பொது நெருக்கடி ஏற்பட்டாலோ பொதுப் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டாலோ மட்டுமே செய்திகளை இடைமறிக்க இடமளித்தது. குடியுரிமைக்கான மக்கள் கழகம் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உள்துறைச் செயலாளர் நிலையிலுள்ளவரே இதற்கு ஆணையிட வேண்டும். அதனை உயரதிகாரிகள் குழு மறுஆய்வு செய்ய வேண்டும் என வழிகாட்டியது. ஆணையிடுபவரும் மறுஆய்வு செய்பவரும் ஆட்சித்துறையினரே. நீதிபதியின் முன்னனுமதியை அத்தீர்ப்பு கட்டாயமாக்கவில்லை. தொலைத்தொடர்புச் சட்டம், 2023, அதன் கீழ் 2024 டிசம்பரில் வெளியான இடைமறிப்பு விதிகள் ஆகியவற்றிலும் இவ்வமைப்பே தொடர்கிறது.

இணையத் தரவுகளுக்குரிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு இதனினும் விரிவானது. பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்னும் முன்நிபந்தனைகள் அதில் இல்லை. எந்தக் குற்றத்தின் புலனாய்வுக்காகவும் அதனைப் பயன்படுத்தலாம். 2018 டிசம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் இப்பிரிவின்கீழ் 10 முகமைகளுக்கு அதிகாரம் வழங்கியது. ஒரே உரையாடல் தொலைபேசி வழிச் சென்றால் கூடுதல் காப்பும் செயலி வழிச் சென்றால் குறைந்த காப்பும் பெறும் முரண் இதனால் விளைகிறது.

இம்முன்நிபந்தனைகளின் மதிப்பைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2025 ஜூலைத் தீர்ப்பு தெளிவாக்குகிறது. ஊழல் வழக்கொன்றின் புலனாய்வுக்காகத் தொலைபேசியை ஒட்டுக்கேட்க அனுமதித்த 2011ஆம் ஆண்டின் ஆணையை அந்நீதிமன்றம் ரத்து செய்தது. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புத் தேவையோ அங்கு இல்லை என்பதும், இடைமறித்த செய்திகள் மறுஆய்வுக் குழுவின்முன் வைக்கப்படவில்லை என்பதும் அதற்குக் காரணங்களாயின. தவறு நீதிமன்றத்தில் வெளிப்பட ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆயின. கண்காணிக்கப்பட்டவருக்குப் பின்னராவது அதனைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இல்லாத நிலையில், வழக்காக மாறாத ஆணைகள் எவருடைய பார்வைக்கும் வருவதில்லை.

இரண்டும் இணையும் இடம்

அரசும் நிறுவனமும் மூன்று வழிகளில் இணைகின்றன.

முதலாவது, நிறுவனம் தன் வணிகத்திற்காகத் திரட்டியதை அரசு கேட்டுப் பெறுதல். இருப்பிடம், தொடர்புப் பட்டியல், பணப் பரிமாற்றம் ஆகியவற்றைத் தானே திரட்ட அரசுக்குப் பெரும் செலவும் ஆள்பலமும் வேண்டும். இன்று பயனரே அவற்றை நிறுவனத்திடம் அன்றாடம் சேர்க்கிறார்; அரசுக்கு ஒரு கடிதம் போதுமானதாகிறது.

இரண்டாவது, நிறுவனம் திரட்ட விரும்பாததையும் திரட்டுமாறு அரசு பணித்தல். இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட வழிகாட்டல், விபிஎன் சேவை வழங்குவோர் வாடிக்கையாளரின் விவரங்களை, சேவை முடிந்த பின்னும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. விவரங்களைச் சேமிக்காமையையே தம் சேவையாக விற்ற சில நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த சேவையகங்களை அகற்றிக்கொண்டன. அவ்வாறே, 2021ஆம் ஆண்டின் இடையீட்டாளர் விதிகள், 50 இலட்சத்திற்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட செய்திச் செயலிகள் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்ட இயல வேண்டும் என்கின்றன. இவ்விவாதத்திற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரி 2018இல் அங்கு தொடுக்கப்பட்ட மனுக்களே, பின்னர் வாட்ஸ்அப் செய்தியின் மூலத்தைக் கண்டறிவது பற்றிய விசாரணையாக விரிந்தன. இணையவழி அவதூறும் துன்புறுத்தலும் அம்மனுக்களுக்குக் காரணமாயின, அத்துயரம் மெய்யானது. எனினும், ஒருவரைக் கண்டறிவதற்காக அனைவருடைய செய்திகளையும் தடம் காணத்தக்கனவாக மாற்றுவது விகிதாசார நெறிக்கு உட்படுமா என்பதே வினா. வாட்ஸ்அப் 2021 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றத்தில் இவ்விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. தரவுச் சேகரிப்பால் குற்றஞ்சாட்டப்படும் நிறுவனமே இங்கு மறையாக்கத்தின் காவலராக வாதிடுவது கருதத்தக்கது.

மூன்றாவது, அரசு திரட்டியது நிறுவனத்தின் கைக்குச் செல்லுதல். ஆதார்ச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தனியார் நிறுவனங்களும் ஆதார் எண்ணைக் கொண்டு அடையாளம் சரிபார்க்க இடமளித்தது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அந்த இடத்தை நீக்கியது.

வாயிலில் நிகழும் தளர்வு

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, தம் தரவு எவருடன் பகிரப்பட்டது என அறியும் உரிமையைத் தரவுக்கு உரியவருக்கு வழங்குகிறது. ஆனால், குற்றத் தடுப்பு, கண்டறிதல், புலனாய்வு ஆகியவற்றுக்காகச் சட்டப்படி அதிகாரம் பெற்றவர் எழுத்துவழிக் கேட்டுப் பெற்றிருந்தால் அவ்வுரிமை பொருந்தாது என அதே பிரிவு விலக்களிக்கிறது. 17ஆம் பிரிவு, நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு இச்சட்டத்திலிருந்தே விலக்குத் தருகிறது. நீதிபதி பி. என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் அளித்த வரைவு இவ்வாறன்று; பாதுகாப்புக் காரணமாயினும் தனிச்சட்டத்தின் அடிப்படையும் தேவைக்கேற்ற அளவும் வேண்டும் என அது வகுத்தது. நிறைவேறிய சட்டத்தின் இப்பிரிவில் அந்நிபந்தனை இடம்பெறவில்லை.

பயனர் நிறுவனத்திற்கு அளித்த ஒப்புதல் ஒரு நோக்கத்திற்கானது. அதே தரவு அரசிடம் சேரும்போது நோக்கம் மாறுகிறது. ஒப்புதல் அங்கு பேசுவதில்லை. இடைமறிப்புக்குரிய முன்நிபந்தனைகளும் சேமித்த தரவைக் கேட்டுப் பெறுதலுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை.

இவ்விடைவெளியை நிரப்பும் நெறி இந்தியத் தீர்ப்புகளிலேயே உள்ளது. கனரா வங்கி வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம், வாடிக்கையாளர் தம் ஆவணத்தை வங்கியிடம் ஒப்படைத்ததால் அதன் மீதான தனியுரிமையை இழப்பதில்லை; அவ்வுரிமை இடத்தைச் சார்ந்ததன்று, மனிதரைச் சார்ந்தது என்றது. வங்கியிடம் தந்த செய்திக்குத் தனியுரிமை எதிர்பார்ப்பு இல்லை என 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மில்லர் வழக்கில் கொண்ட நிலையிலிருந்து இது வேறானது. ஆதார்த் தீர்ப்பும், தேசியப் பாதுகாப்பிற்காக இணைச் செயலாளர் ஆணையின்பேரில் தரவை வெளியிட அனுமதித்த 33(2) பிரிவை ஏற்காமல், உயரதிகாரியோடு நீதித்துறை சார்ந்தவரும் இணைவதே தக்கது எனக் கருதியது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

• அரசுக்கும் நிறுவனத்திற்கும் உள்ள அதிகார வேறுபாடு மெய்யானது. எனினும் தரவு அவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. நிறுவனம் தேவைக்கு மேல் திரட்டாதிருக்கச் செய்வதே அரசுக் கண்காணிப்புக்கும் முதல் வரம்பாகும்.

• ஒப்புதல் நிறுவனத்தோடு முடிகிறது. ஆகவே, நிறுவனத்திடமிருந்து அரசு தரவு பெறுவதற்கு நீதித்துறையின் முன்னனுமதி தேவை. அவசர நேர்வில் உடனடிப் பின்னனுமதியேனும் வேண்டும்.

• புலனாய்வு முடிந்தபின், அதற்கு ஊறு நேராத காலத்தில், தரவுக்கு உரியவருக்கு அறிவிக்க வேண்டும். அறியாத ஒன்றை எதிர்த்து எவரும் நீதிமன்றம் செல்ல இயலாது.

• திரட்டுமாறு பணிக்கும் ஆணைகள், கேட்டுப் பெறும் ஆணைகளைப் போன்றே விகிதாசார நெறிக்கு உட்படுத்தப்பட வேண்டும்.

எது கொடியது என்னும் வினாவை விடுத்து, தரவு கைமாறும் வாயிலில் யார் காவல் நிற்கிறார் என வினவுவதே தனியுரிமை ஆய்வுக்குப் பயன்தரும். இன்றைய நிலையில் அங்கு நிற்பவர், தரவைக் கேட்கும் ஆட்சித்துறையைச் சேர்ந்தவரே ஆவார்.