கணினி மாநாடுகளின் அழைப்பு

கணினித் துறையில் ஒரு மாநாடு கூடுவதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே ஓர் அறிவித்தல் வெளிவருகின்றது. மாநாடு நிகழும் நகரம், நாள், ஆராயப்படும் பொருள்கள், கட்டுரையின் பக்க அளவு, அதனை அனுப்பவேண்டிய இறுதி நாள், தேர்வுக் குழுவினரின் பெயர்கள் ஆகியன அதில் ஒழுங்காகக் கூறப்பட்டிருக்கும். மேலோட்டமாகப் படிப்பவருக்கு அது வெறும் அலுவலகப் பத்திரமாகவே தோன்றும். ஆயினும், ஓர் இளம் ஆய்வாளரின் பல்லாண்டு உழைப்பு உலகத்தார் கண்ணிற் படுவதும் படாமற் போவதும் பெரும்பாலும் அந்த அறிவித்தலையும் அதற்கு அவர் இறுக்கும் விடையையுமே பொறுத்துள்ளன.

மற்றை விஞ்ஞானத் துறைகளில் ஆய்வின் முடிவுகள் சஞ்சிகைகளிலேயே முதன்மையாக வெளியாகின்றன; மாநாட்டுக்குப் பெரும்பாலும் ஒரு சுருக்கம் அனுப்பினாற் போதும். கணினித் துறையின் வழக்கம் வேறு. இங்கே முழுக் கட்டுரையையும் மாநாட்டுக்கு அனுப்புகின்றனர். அது தேர்ந்தெடுக்கப்பட்டு மாநாட்டுத் தொகுப்பில் இடம்பெறுவதே தலையாய வெளியீடாகக் கொள்ளப்படுகின்றது. இதற்குக் காரணம் துறையின் வேகமாகும். சஞ்சிகை ஒன்றிற் கட்டுரை வெளிவர ஓராண்டும் அதற்கு மேலும் செல்வதுண்டு. மாநாடோ நாள் குறித்துக் கூடுவது; ஆதலின் தேர்வின் முடிவும் குறித்த காலத்தில் வந்தே தீரவேண்டும்.

அனுப்பப்படும் கட்டுரை எவ்வாறு தேரப்படுகின்றது என்பதையும் அறிதல் நன்று. மூவர் அல்லது நால்வர் அதனைத் தனித்தனியே படித்து மதிப்பிடுவர். அவர்களும் அதே துறையில் ஆய்வு செய்பவர்களே. ஊதியமின்றி இப்பணியை ஆற்றுகின்றனர். பல மாநாடுகளில் எழுதியவரின் பெயரும் அவர் சார்ந்த நிறுவனத்தின் பெயரும் மதிப்பீட்டாளருக்கு மறைக்கப்படும். பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரைக் கண்டு தராசு ஒருபக்கம் சாய்ந்துவிடாதிருத்தற்காகவே இந்த ஏற்பாடு. கட்டுரை ஏற்கப்படின், எழுதியவர்களுள் ஒருவரேனும் மாநாட்டுக்குப் பதிவு செய்து, சபையோர் முன்னிலையில் அதனை எடுத்துரைக்க வேண்டுமென்பதும் பொதுவான நியதி.

இறுதி நாளைக் குறிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. அழைப்புகள் பலவற்றில் ‘உலகில் எங்காயினும்’ என்னும் பொருள்பட ஒரு குறிப்பு இருக்கும். பூமியில் எந்த ஓர் இடத்திலாயினும் அந்த நாள் முடியாதிருக்கும் வரை கட்டுரையை அனுப்பலாம் என்பது அதன் கருத்து. நாள் கடைசியாக முடிவது பசிபிக் சமுத்திரத்தில், குடிகளற்ற பேக்கர், ஹவுலண்ட் என்னும் தீவுகளின் நேரத்திலாகும். அங்கே நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது இலங்கையில் மறுநாள் மாலை 5.29 மணி. இதனை அறியாத மாணவர் ஒருவர், காலம் கடந்துவிட்டதென்று எண்ணிக் கட்டுரையை மூடி வைத்துவிடவுங் கூடும்.

காலந் தவறாது அனுப்பியவை யாவும் ஏற்கப்படுவதில்லை. பெயர்பெற்ற மாநாடுகளில் நான்கிலொரு பங்கு ஏற்கப்படுவதே பெரிது. தள்ளப்பட்டவை யாவும் தகுதியற்றவை எனக் கொள்ளலாமா? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடை சிந்திக்கத்தக்கது.

1991ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரில், மீயுரையைப் பற்றிய மாநாடொன்று நிகழ்ந்தது. மீயுரை என்பது ஓர் இடத்திலிருந்து தொடர்புடைய மற்றோர் இடத்துக்கு உடனே தாவிச் செல்ல வழிவிடும் எழுத்து முறை. ஜெனீவா நகரை அடுத்துள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ரிம் பேர்னர்ஸ் லீயும் றொபேட் கையோவும் இம்மாநாட்டுக்கு ஒரு கட்டுரை அனுப்பினர். அதன் பொருள் அவர்கள் அமைத்த ‘உலகளாவிய வலை’. தேர்வுக் குழு அதனை ஏற்கவில்லை. கூடத்தில் ஒரு மேசையருகே நின்று செய்து காட்டுவதற்கு மாத்திரமே அனுமதி கிடைத்தது. இன்று உலகமெங்கும் மக்கள் செய்தி படிப்பதும், கடிதம் விடுப்பதும், பண்டம் வாங்குவதும் அந்த வலையின் வழியாகவே.

மறுக்கப்பட்டவர்கள் மனம் தளர்ந்து அமரவில்லை. இரண்டரை ஆண்டுகளில், 1994ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி முதல் 27ஆந் திகதி வரை, உலகளாவிய வலைக்கென்றே முதலாவது சர்வதேச மாநாடு சேர்ன் நிலையத்திற் கூடியது. அதனைக் கூட்டுவதில் முன்னின்றவர் கையோ. ஏறக்குறைய 380 பேர் வந்திருந்தனர். அந்த மாநாட்டு வரிசையின் ஏழாவது கூட்டம் 1998ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நிகழ்ந்தபோது, சேர்ஜி பிறின், லாறி பேஜ் என்னும் இரு மாணவர்கள் தாம் அமைத்த தேடுபொறி பற்றிய கட்டுரையை அளித்தனர். அத்தேடுபொறியே கூகிள். ஒரு வாயில் அடைபட்டதனால் எழுந்த மற்றொரு வாயில், பின்வந்தோருக்கும் திறந்திருந்தது.

1991ஆம் ஆண்டின் நிகழ்ச்சி தற்செயலானது என்று சிலர் கூறலாம். மதிப்பீட்டின் உறுதியை அளந்து பார்த்த சோதனை ஒன்றும் உண்டு. இயந்திரக் கற்றல் துறையின் பெருமாநாடாகிய ‘நிப்ஸ்’, 2014ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரிற் கூடியது. அதற்கு வந்த கட்டுரைகள் 1,678, ஏற்கப்பட்டவை 414. தேர்வுக்குத் தலைமை வகித்த கொறினா கோர்ட்டெஸ், நீல் லோறன்ஸ் ஆகிய இருவரும், வந்தவற்றுட் பத்திலொரு பங்கை, அதாவது 166 கட்டுரைகளை, ஒன்றையொன்று அறியாத இரு குழுக்களிடம் ஒப்படைத்தனர். 43 கட்டுரைகளில் இரு குழுக்களின் தீர்ப்பும் மாறுபட்டது. ஒரு குழு ஏற்றவற்றுள் ஏறத்தாழ அரைப்பங்கை மற்றைக் குழு விலக்கியிருந்தது. மிகவும் குறைபாடுடைய கட்டுரைகளை இனங்காண்பதில் மதிப்பீட்டாளர் பெரிதும் ஒன்றுபடுகின்றனர். நல்லவற்றுள் எது மேலானது என்பதிலேதான் பிரிகின்றனர். 2021ஆம் ஆண்டிற் பெருமளவிற் செய்யப்பட்ட சோதனையும் இதனையே காட்டிற்று. ஆகவே மறுப்புக் கடிதம் பெற்றவர் செய்யத்தக்கது, மதிப்பீட்டாளர் எழுதிய குறிப்புகளை ஆறியிருந்து படித்து, கட்டுரையைச் செப்பஞ்செய்து, அடுத்த அழைப்புக்கு அனுப்புதலேயாகும்.

தள்ளுதலில் தவறு நேர்வதுபோல ஏற்றலிலும் ஏமாற்று உண்டு. கட்டணத்தையே குறியாகக் கொண்டு, எதை அனுப்பினும் ஏற்கும் கூட்டங்கள் சில இருக்கின்றன. 2005ஆம் ஆண்டு மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்து மாணவர் மூவர், பொருளற்ற சொற்களைக் கோத்துக் கட்டுரைபோலத் தோன்றச் செய்யும் கணினிச் செய்நிரல் ஒன்றை ஆக்கினர். அது தந்த ஒரு கட்டுரையை, புளோரிடா மாநிலத்தின் ஓர்லாண்டோ நகரில் நிகழவிருந்த ஒரு மாநாட்டுக்கு அனுப்பினர். மதிப்பீடின்றியே அது ஏற்கப்பட்டது. அதே செய்நிரலினால் ஆக்கப்பட்ட 120க்கு மேற்பட்ட போலிக் கட்டுரைகளை, 2014ஆம் ஆண்டில் இரு பெரும் வெளியீட்டகங்கள் தம் மாநாட்டுத் தொகுப்புகளிலிருந்து நீக்க நேர்ந்தது. எனவே அழைப்பு வந்தவுடன் தேர்வுக் குழுவிலுள்ளோர் யாவர், முன்னைய தொகுப்புகள் எத்தகையன, துறைப் பொருத்தம் உண்டா என்பவற்றை ஆராய வேண்டும். பெயர் குறித்துப் புகழ்ந்து எழுதிப் பணங் கேட்கும் அழைப்பைப் பற்றி ஆசிரியரையோ துறை அறிந்தாரையோ உசாவுதல் நலம்.

மாநாடு கட்டுரை அளிப்போரை மட்டும் அழைப்பதன்று. கேட்க வருவோரையும் அழைக்கின்றது. வருவோர் வெறும் பார்வையாளர் அல்லர் என்பதற்குத் தமிழுலகிலேயே சான்றுண்டு. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டு முறையைத் தழுவியிருந்தன. ஒரு கணினியில் எழுதியது இன்னொன்றிற் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது. 1997இற் சிங்கப்பூரிலும் 1999இற் சென்னையிலும் கூடிய தமிழ் இணைய மாநாடுகள் இதனை ஆராய்ந்தன. சென்னை மாநாட்டையொட்டி ‘தமிழ் 99’ விசைப்பலகையும், ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியீட்டு முறைகளும் வகுக்கப்பட்டன. அம்மண்டபங்களில் வாதித்தோரின் முடிவு, அங்கே செல்லாத பல்லாயிரவர் தட்டெழுதும் முறையைத் தீர்மானித்தது.

இக்காரணத்தாலேயே, யார் வரமுடிகின்றது என்பது பெரிய வினாவாகின்றது. 2018ஆம் ஆண்டில் மொன்றியல் நகரத்து மாநாட்டின் அனுமதிச் சீட்டுகள் பன்னிரண்டு நிமிடங்களுக்குள் விற்றுத் தீர்ந்தன. அங்கு செல்லவிருந்த ஆபிரிக்க ஆய்வாளர் பலருக்குக் கனடா நுழைவனுமதி வழங்கவில்லை. எழுதியவரின் பெயரை மறைத்துச் செய்த நடுநிலைத் தேர்வு, அவருடைய கடவுச்சீட்டின் முன் பயனற்றுப் போயிற்று. இக்குறையைக் களைய முயன்றோரும் உளர். ஐ.சி.எல்.ஆர். எனப்படும் மாநாடு 2020ஆம் ஆண்டில் எதியோப்பியாவின் அடிஸ் அபாபா நகரிற் கூடுவதாக இருந்தது. கொள்ளைநோய் காரணமாக இணையவழியே நடந்தது. பின்னர் 2023ஆம் ஆண்டு மே மாதத்தில், ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் அம்மாநாடு நேரிற் கூடியது. மாணவருக்குக் கட்டணச் சலுகை, பிரயாண உதவி, தொண்டராய்ப் பணிபுரிவோருக்கு இலவச அனுமதி ஆகியனவும் பல அழைப்புகளிற் குறிக்கப்படுகின்றன. கேட்டாற் கிடைக்கக்கூடிய உதவியைக் கேளாமலே இழப்பவர் பலர்.

அழைப்பை எழுதுவோர்க்கும் இதிலொரு கடமை உண்டு. பொருளையும் விதிகளையும் எவர்க்கும் விளங்கும் எளிய நடையிற் கூறுதல், நுழைவனுமதி பெறுதற்கு வேண்டிய காலத்தை விட்டு முடிவை அறிவித்தல், மறுப்பதாயின் காரணத்தைப் பண்புடன் எழுதுதல் ஆகிய மூன்றுமே அக்கடமை. துறையினுள் ஏற்கெனவே இருப்போர்க்கு அறிமுகமோ நினைவூட்டலோ தேவையில்லை. முன்பின் அறியாத ஓர் ஊரிலிருந்து, தனித்து உழைத்து, தன் ஆய்வைப் பிறர் பார்க்க வேண்டுமென விழையும் ஒருவருக்கே அந்த அழைப்புப் பெரிதும் தேவைப்படுகின்றது.