ஆழம் காட்டி விற்கும் கருவி

மெட்டல் டிடெக்டரைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் மாற்றுக்கு இன்னொன்று வாங்கும்போது பெரும்பாலும் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆழம் பார்க்கும்?" என்பதைத்தான். பணத்தை இழக்கவும் சட்டத்தில் மாட்டிக்கொள்ளவும் இந்தக் கேள்வியே வழி திறக்கிறது. கருவியின் வட்டத் தட்டிலுள்ள கம்பிச்சுருள் மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அது உலோகத்தில் எழுப்பும் மெல்லிய எதிர்ப்புலம் திரும்பி வருகிறது. போகும்போதும் வரும்போதும் புலம் தேய்கிறது. தட்டின் அளவைத் தாண்டியபின் தூரம் இரட்டித்தால், திரும்பி வரும் சிக்னல் ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால்தான் பொழுதுபோக்குக் கருவியில் ஒற்றைக் காசு ஓரடி ஆழத்துக்குள் சிக்கினாலே பெரிது. பெரிய இரும்புப் பெட்டி இன்னும் கீழே தெரியலாம், காசு தெரியாது.

ஆன்டெனாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பல மீட்டர் ஆழத்துத் தங்கத்தை அது காட்டிவிடும் என்ற விளம்பரத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் மெக்கார்மிக், கோல்ஃப் பந்து தேடித் தருவதாகச் சொல்லி விற்கப்பட்ட விளையாட்டுச் சாமானை மாதிரியாக வைத்து இதே போன்ற ஆன்டெனாக் கருவி ஒன்றைச் செய்து, வெடிகுண்டைக் கண்டுபிடிக்கும் என்று ஈராக்குக்கு விற்றார். 2013-இல் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. சோதனைச் சாவடியில் அதை நம்பி நின்றவர்களின் உயிரை எண்ணினால் அந்தத் தண்டனையும் குறைவுதான். நம் ஊரில் இரிடியம் கலசம், அரிசியை ஈர்க்கும் பாத்திரம் (ரைஸ் புல்லிங்) என்று நடக்கும் மோசடிகளும் திடீர்ச் செல்வத்தின் மீதான இதே ஆசையைத்தான் காசாக்குகின்றன.

அப்படியானால் இரண்டாவது கருவியை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? முதல் கருவி எந்த மண்ணில் தடுமாறுகிறதோ அதை வைத்து. இரும்புத் தாது மிகுந்த செம்மண்ணிலும், மணவாளக்குறிச்சி போன்ற கரைகளின் கருமணலிலும் மண்ணின் தாதுச் சிக்னலை விலக்கும் கிரவுண்ட் பேலன்ஸ் சரியில்லாத கருவி உலோகமே இல்லாத இடத்தில் கத்தும். ஈர உப்பு மணலில் ஒற்றை அலைவரிசைக் கருவி திணறும். பல அலைவரிசைக் கருவி தாங்கும். காந்தப்புலத்தைத் துடிப்புகளாக அனுப்பும் பல்ஸ் வகையும் தாங்கும், ஆனால் துருப்பிடித்த ஆணியையும் மோதிரத்தையும் பிரித்துச் சொல்வதில் அது பலவீனமானது. கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரியில் ஓடுவது, சிறிய தட்டு, எடை குறைவு ஆகியவை மாற்றுக் கருவிக்கு உண்மையாகவே தேவை. மணலில் விழுந்த மோதிரத்தைத் தேட இது போதும்.

ஆழத்தின் மீது ஆசை வைப்பவர் புதையலை நினைக்கிறார். புதையலுக்கோ 1878-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவரின் பங்கு அரசுக்குப் போய்விடும். ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம். என் சொந்த நிலம்தானே என்பது பதிலாகாது, மறைக்க உடந்தையாகும் நில உரிமையாளருக்கும் தண்டனை உண்டு. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது தனிக் குற்றம்.

சொன்னால் எல்லாவற்றையும் அரசு எடுத்துக்கொள்ளும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உரிமையாளர் இல்லாத புதையல் என்று அறிவிக்கப்பட்டு, நிலத்துக்காரரோடு வேறு ஒப்பந்தமும் இல்லையென்றால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு அதைக் கையகப்படுத்தினால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் தர வேண்டும். இது போதாது என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சந்தை மதிப்பை ஒட்டி வெகுமதி தருகிறார்கள். இங்கும் அப்படித் திருத்த வேண்டும். ஆனால் சட்டத்தின் குறை, ரகசியமாக உருக்கி விற்பதற்கு நியாயமாகிவிடாது. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே வெட்டு விழுந்திருக்கிறது. அவற்றை வேண்டுமென்றே புழக்கத்திலிருந்து விலக்கியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு அந்த வெட்டுதான் ஆதாரம். பட்டறையில் உருகியிருந்தால் எடை மட்டும் மிஞ்சியிருக்கும்.

கருவி விஷயத்தில் ஏமாந்தவருக்கும் வழி உண்டு. எவ்வளவு ஆழம் என்ற உறுதியைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். விளம்பரத்தைச் சேமித்து வையுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. உதவி எண் 1915. இணையத்தில் பணம் கட்டி மோசம் போனவர்கள் 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். புதையல் கிடைத்தால் கலெக்டருக்கான கடிதத்தில் பொருளின் தன்மை, அளவு அல்லது உத்தேச மதிப்பு, கிடைத்த இடம், தேதி ஆகியவற்றை எழுதி ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கலாம். அல்லது கேட்கும்போது கொண்டுவருவதாகக் கலெக்டர் ஏற்கும் பிணை கொடுக்கலாம்.