வரைந்தவர் பெயர் எங்கே? சித்திரக்கதை உலகில் ஃப்ரீலான்ஸ் ஓவியரின் உழைப்பும் உரிமையும்

1908ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசின் கைதுக்குத் தப்பிப் பாரதியார் புதுச்சேரிக்கு வந்தார். அவர் பொறுப்பிலிருந்த ‘இந்தியா’ வார இதழும் சென்னையிலிருந்து இங்கு இடம்பெயர்ந்து 1910 வரை வெளிவந்தது. தமிழ் இதழியலில் அரசியல் கருத்துப்படங்களைத் தொடர்ந்து வெளியிட்ட முன்னோடி இதழ் அது. அப்படங்கள் பிற்காலத்தில் ‘பாரதியின் கருத்துப்படங்கள்’ என்ற பெயரிலேயே தொகுக்கப்பட்டன. கருத்தைத் தந்தவரின் பெயர் நிலைத்தது. கோடுகளை வரைந்த கையின் பெயர் நம் பொது நினைவில் இடம்பெறவே இல்லை.

நூறாண்டுகளுக்கு மேல் கடந்த பிறகும் இந்நிலை பெரிதாக மாறிவிடவில்லை. அரியாங்குப்பத்தில் உள்ள அரசின் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஆண்டுதோறும் இளைஞர்கள் ஓவியம் பயின்று வெளியேறுகிறார்கள். அவர்களில் தலித் குடும்பங்களிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறையினரும் உண்டு. சித்திரக்கதையின்மீது விருப்பம் கொண்டு அத்துறைக்குள் நுழையும் ஒருவருக்கு மாதச் சம்பளம் தரும் இடங்கள் மிகச் சில. பெரும்பாலும் ‘ஃப்ரீலான்ஸ்’ என்ற பெயரில், நூலுக்கு நூல், பக்கத்துக்குப் பக்கம் கூலி பேசி வேலை செய்ய வேண்டியிருக்கிறது. சொல்லில் விடுதலை இருக்கிறது. அந்த விடுதலையை யாரால் தாங்க முடிகிறது என்பதே இங்கு நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு பக்கத்தின் உழைப்பு

சித்திரக்கதையின் ஒரு பக்கம் ஒரே மூச்சில் வரையப்படுவதன்று. முதலில் கதைப்பிரதியைப் படித்து, எந்தக் காட்சி எந்தக் கட்டத்தில் வர வேண்டும் என்று சிறு அளவில் திட்டமிட வேண்டும். பிறகு பென்சிலில் உருவங்களை அமைத்து, மையிட்டு, வண்ணம் தீட்டி, உரையாடல் குமிழிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். கதை நிகழும் காலத்து உடை, தெரு, வீடு, கருவிகள் ஆகியவற்றைத் தேடிப் பார்ப்பது தனி வேலை. பதிப்பாசிரியர் திருத்தம் சொன்னால் மீண்டும் தொடக்கத்துக்குச் செல்ல நேரும்.

இதைக் கணக்காகப் பார்ப்போம். ஒரு பக்கத்துக்கு மூன்று நாட்கள், நூறு பக்க நூல், மொத்த ஊதியம் 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 300 நாட்கள் உழைத்தால் நாளொன்றுக்குக் கிடைப்பது 300 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் நிதியாண்டுக்குப் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். மேற்சொன்ன கணக்கில் கணினி, வரைபலகை, மென்பொருள், மின்சாரம் ஆகியவற்றின் செலவைக் கழிக்கவில்லை. ஊதியம் பேசும்போது ‘இவ்வளவு பெரிய தொகையா’ என்று நம்மை மயக்குவது மொத்தத் தொகை. நாட்களால் வகுத்துப் பார்த்தால்தான் அது ஊதியமா, கூலிக்கும் குறைவானதா என்பது தெரியும்.

தமிழ்ச் சித்திரக்கதைச் சந்தையின் அமைப்பும் இதற்கு ஒரு காரணம். சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் பல தலைமுறை வாசகர்களை உருவாக்கியவை. ஆனால் அவற்றில் வந்தவை பெரும்பாலும் பிரிட்டன், இத்தாலி, பிரான்ஸ், பெல்ஜியம் ஆகிய நாடுகளின் கதைகளுடைய மொழிபெயர்ப்புகள். லக்கி லூக் தமிழ் பேசும்போது அப்பக்கங்கள் ஏற்கெனவே வரையப்பட்டு வந்துவிடுகின்றன. ஆகவே உள்ளூர் ஓவியருக்கு நெடிய கதையை வரையும் வாய்ப்பு குறைவு. பாடநூல், சிறுவர் இதழ், தொண்டு நிறுவனங்களின் விழிப்புணர்வுக் கையேடு, விளம்பரம் எனச் சிதறிய வேலைகளைச் சேர்த்தே அவர் பிழைக்கிறார்.

காத்திருக்க முடிந்தவர்கள்

ஃப்ரீலான்ஸ் வேலையில் திறமைக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது காத்திருக்கும் வசதி. முன்பணம் வரும்வரை, திருத்தம் முடியும்வரை, நூல் அச்சாகும்வரை, காசோலை கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். சொந்த வீடும், சம்பளம் வாங்கும் பெற்றோரும், பதிப்புத்துறையில் அறிமுகமானவர்களும், தடையற்ற ஆங்கிலமும் உள்ளவருக்கு இந்தக் காத்திருப்பு ஒரு பயிற்சிக் காலம். நோயுற்ற தந்தைக்கு மருந்தும் தங்கைக்குக் கட்டணமும் தன் வருமானத்திலிருந்தே செல்ல வேண்டிய ஒருவருக்கு அது துறையைவிட்டு வெளியேறும் வாசல். ‘திறமை இருந்தால் யாரும் வரலாம்’ என்று சொல்லும் துறையில் யாரும் ‘சாதி’ என்ற சொல்லை உச்சரிக்காமலேயே வடிகட்டல் நடந்துவிடுகிறது.

சாதி என்பது உழைப்பைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, உழைப்பவர்களையே படிநிலையில் பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் விளக்கினார். சிந்திப்பது உயர்வு, கையால் செய்வது தாழ்வு என்ற அந்தப் படிநிலை நூலாக்கத்திலும் ஊடுருவியிருக்கிறது. எழுதியவருக்கு அட்டையில் பெயரும் விற்பனையில் பங்கும். வரைந்தவருக்கு ஒருமுறைக் கூலி. மண்பாண்டம் வனைந்தவர், சுவரில் சித்திரம் தீட்டியவர், தோல் பதப்படுத்திக் கருவி செய்தவர் எனப் பெயரற்ற கைவினைஞர்களின் நெடிய வரிசையில், கணினித் திரைமுன் அமர்ந்திருக்கும் இன்றைய ஓவியரும் சேர்க்கப்படுகிறார்.

யார் வரைகிறார்கள் என்பது ஏன் முக்கியம்?

இது வேலைவாய்ப்புச் சிக்கல் மட்டுமன்று. வரைபவர் யார் என்பதைப் பொறுத்தே நாம் எவ்வாறு வரையப்படுகிறோம் என்பதும் அமைகிறது. 1967இல் தொடங்கப்பட்ட அமர் சித்திரக் கதை வரிசை புராணக் கதைகளை இந்தியக் குழந்தைகளின் கண்களில் பதித்தது. தேவர்களுக்கு வெளிர்நிறமும் அசுரர்களுக்குக் கருநிறமும் பூசிய அதன் வழக்கம் பல ஆய்வாளர்களின் விமர்சனத்துக்கு உள்ளானது. அவ்வரிசையில் அம்பேத்கரின் வரலாறு 1979இல்தான் வந்தது.

கருத்துப்படங்களின் கதையும் இதுவே. சங்கர் 1949இல் வரைந்த, அரசியல் சட்ட நத்தையின்மீது அம்பேத்கர் அமர்ந்திருக்கும் படம், என்சிஇஆர்டியின் பதினோராம் வகுப்புப் பாடநூலில் சேர்க்கப்பட்டது. 2012இல் அது நாடாளுமன்றம்வரை எதிர்ப்பை எழுப்பியது. அப்போது பலர் இதை நகைச்சுவை உணர்வின்மை என்று எள்ளினர். உன்னமதி சியாம சுந்தர் அதற்கு வேறு வகையில் விடையளித்தார். அம்பேத்கரைப் பற்றி ஆங்கில இதழ்களில் வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கருத்துப்படங்களைத் திரட்டி 2019இல் நூலாக்கினார். ஒரு படத்தைத் தனியே பார்த்தால் வேடிக்கையாகத் தோன்றலாம். நூறு படங்களை வரிசையாகப் பார்க்கும்போது அது ஒரு பார்வையின் பழக்கம் என்பது விளங்கும். அந்தத் தொகுப்பைச் செய்தவர் தாமும் கருத்துப்பட ஓவியர் என்பது தற்செயலன்று.

மறுபக்கத்தில், 2011இல் வெளிவந்த ‘பீமாயணம்’ எதைச் சாத்தியமாக்கியது என்று பாருங்கள். மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் அம்பேத்கரின் தீண்டாமை அனுபவங்களை வரைந்தார்கள். மனிதர்களைக் கட்டங்களுக்குள் அடைக்க அவர்கள் மறுத்தார்கள். தங்கள் சுவரோவிய மரபின் வளைகோடுகளால் பக்கத்தைப் பிரித்தார்கள். பரிவான பேச்சுக்குப் பறவை வடிவக் குமிழி, சாதி வெறி கக்கும் பேச்சுக்குத் தேள்கொடுக்கு வைத்த குமிழி. தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவனின் தாகத்தை வேறொரு கண் வேறொரு வடிவத்தில் கண்டது. அந்நூலில் ஓவியர்களின் பெயர்கள் அட்டையிலேயே உள்ளன. உரிய இடமும் பெயரும் கிடைத்தபோது, ஒரு கலைவடிவத்தின் இலக்கணமே மாறியது.

பதிப்புரிமைச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்த உரிமைகளைப் பேச நமக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் வரைபடத்தையும் ஓவியத்தையும் கலைப்படைப்பாக ஏற்கிறது. பொது விதிப்படி படைத்தவரே முதல் உரிமையாளர். ஆனால் 17ஆம் பிரிவில் விலக்குகள் உள்ளன. சம்பள வேலையின் பகுதியாக வரைந்தால் உரிமை, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளிக்குச் செல்லும். பணம் கொடுத்து ஒருவர் கேட்டதன்பேரில் எழுதப்படும் ஓவியம் அல்லது உருவப்படத்துக்கும், எதிரான ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளராவார். வாய்மொழியாக வேலை ஏற்கும் ஃப்ரீலான்ஸ் ஓவியர் சிக்கிக்கொள்வது இங்கேதான். ‘உரிமை என்னுடையது, இன்ன பயன்பாட்டுக்கு மட்டும் தருகிறேன்’ என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வைப்பது அவசியம்.

உரிமையை மாற்றித்தருவது பற்றி 19ஆம் பிரிவு பேசுகிறது. அது எழுத்தில் இருக்க வேண்டும்; ஓவியர் கையெழுத்திட்டிருக்க வேண்டும்; எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி அல்லது தொகை என்பவை குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்கப்படவில்லை என்றால் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. ‘எல்லா உரிமையும், எல்லா ஊடகத்திலும், என்றென்றைக்கும்’ என்ற ஒரு வரி இப்பாதுகாப்புகளைப் பெருமளவு பறித்துவிடும். அந்த வரியைக் கண்டவுடன் பேனாவை மூடிவிட்டுப் பேசத் தொடங்க வேண்டும்.

57ஆம் பிரிவு மேலும் ஒரு துணை. உரிமையை விற்ற பிறகும் ‘இதை வரைந்தவர் நான்’ என்று கோரவும், தன் மதிப்பைக் குலைக்கும் வகையில் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கவும் படைப்பாளிக்கு உரிமை உண்டு. விஞ்ஞான் பவனிலிருந்த தன் சுவர்ச் சிற்பம் சிதைக்கப்பட்டதற்காக அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒன்றிய அரசுக்கு எதிராகவே தீர்ப்பளித்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது.

வேலை முடிந்தும் பணம் வராததே மிகப் பரவலான துயரம். இதற்கு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் பயன்படும். தனியொருவராக இயங்கும் ஓவியரும் உத்யம் தளத்தில் கட்டணமின்றிக் குறுந்தொழிலாகப் பதிவு செய்யலாம். வேலையை ஏற்பதற்கு முன்பே பதிந்திருப்பது நல்லது. பதிந்தவருக்குரிய தொகையை, ஒப்பந்தம் எதுவாயினும், 45 நாட்களுக்கு மேல் நிறுத்திவைக்க முடியாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி சேரும். புகாரை விசாரிக்க அதற்கான மன்றம் இருக்கிறது.

தனியாக வரையலாம், தனியாகப் பேரம் பேசக்கூடாது

சட்டம் கையில் இருந்தும் தனியொருவர் அதைப் பயன்படுத்தத் தயங்குவது இயல்பே. அடுத்த வேலை கிடைக்காது என்ற அச்சம் அதற்குக் காரணம். 1938இல் சூப்பர்மேனின் உரிமையை ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1975இல் சக ஓவியர்களும் ஊடகங்களும் சேர்ந்து குரல் எழுப்பிய பிறகே, அவர்களுக்கு ஆண்டுத் தொகையும் இழந்த பெயரும் திரும்பக் கிடைத்தன.

நம் ஊர் இன்றும் உறவு பேணும் பிரான்சில் சித்திரக்கதையை ‘ஒன்பதாவது கலை’ என்று போற்றுகிறார்கள். அங்கும் சித்திரக்கதைப் படைப்பாளிகள் ஒன்றுகூடி நடத்திய ஆய்வு 2016இல் வெளியானபோது, பங்கேற்றவர்களில் 53 விழுக்காட்டினரின் வருமானம் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே இருந்தது தெரியவந்தது. 36 விழுக்காட்டினர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தனர். பெண்களிடையே நிலைமை இன்னும் மோசம். கலைக்குப் புகழ் இருப்பதாலேயே கலைஞருக்குச் சோறு கிடைத்துவிடாது என்பதை அந்த எண்கள் காட்டின. அவற்றைத் திரட்டி அரசின்முன் வைத்தது படைப்பாளிகளின் கூட்டமைப்பு என்பதே நமக்கான பாடம்.

புதுச்சேரியிலும் இதைத் தொடங்க முடியும். ஓவிய மாணவர்கள் தங்களுக்குள் ஊதிய விவரங்களை மறைக்காமல் பகிர்வது முதல் படி. அனைவரும் பயன்படுத்தத்தக்க ஒரு தமிழ் ஒப்பந்தப் படிவத்தை, சட்டம் பயிலும் தோழர்களின் துணையுடன் உருவாக்குவது அடுத்தது. நம் இயக்கங்களுக்கும் இதில் பொறுப்புண்டு. ஏப்ரல் 14 சுவரொட்டியையும் மாநாட்டு மலரையும் ‘நம்ம பையன்தானே’ என்று இலவசமாக வரையச் சொல்லும் வழக்கத்தை முதலில் நாம் கைவிட வேண்டும். கூலி கொடுங்கள், முடியாதபோது வெளிப்படையாகக் கேளுங்கள், எந்த நிலையிலும் வரைந்தவர் பெயரைப் படத்தின் கீழே அச்சிடுங்கள். சமூக வலைத்தளங்களில் அம்பேத்கர் ஓவியங்களைப் பகிரும்போது கையெழுத்தை வெட்டிவிடாதீர்கள்.

‘இந்தியா’ இதழ் வெளிவந்த இந்நகரில் இன்று வரையத் தொடங்கும் ஒரு சேரிப் பெண், பத்தாண்டு கழித்தும் வரைந்துகொண்டிருப்பாரா என்பது அவர் திறமையை மட்டும் பொறுத்ததன்று. அவருக்கு உரிய தொகை உரிய நாளில் வந்ததா, அவர் பெயர் அட்டையில் இருந்ததா என்பதையும் பொறுத்தது. அவர் வெளியேறிவிட்டால், நம்மை மீண்டும் பிறரே வரைவார்கள்.