வாசல் மண் மூச்சு விடட்டும்!

மழை விட்டு அரை மணி கழித்து உங்கள் வீட்டு வாசலைப் பாருங்கள். கேட்டிலிருந்து போர்டிகோ வரை சிமெண்ட் பூசியிருந்தால் அங்கங்கே குட்டையாய்த் தண்ணீர் நிற்கும். 'சேறு இல்லாம சுத்தமா இருக்கணும்'னுதானே சிமெண்ட் போட்டீர்கள்? அந்தச் சுத்தமே வம்பாகிவிடுகிறது.

ஈரம் காயாத சிமெண்ட்டில் பாசி பிடிக்கும். வயதானவர்கள் ஒருமுறை வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பே முறிந்துவிடலாம். அடுத்தது டெங்கு. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பள்ளத்து நீர் அத்தனை நாள் வற்றாமல் நிற்குமே!

இதற்கு வழி, நீரை உறிஞ்சும் தளம். 'எங்க வீட்ல பேவர் பிளாக்தான்' என்கிறீர்களா? அடியில் கான்கிரீட், இடுக்கில் சிமெண்ட் என்றால் அதுவும் பழைய கதைதான்.

சரியான முறை இதுதான். சுமார் ஒரு அடி ஆழம் தோண்டுங்கள். அடியில் பெரிய ஜல்லி, மேலே சிறு ஜல்லி, அதன் மேல் பொடி ஜல்லி. அதன்மீது இடுக்கு விட்டுக் கற்களைப் பதித்து, இடுக்கிலும் பொடி ஜல்லியே நிரப்புங்கள். கார் நிற்கும் இடமென்றால் ஒவ்வொரு அடுக்கையும் நன்கு திமிசு போட வேண்டும். பாட்டி, தாத்தா நடக்கும் பாதையில் இடுக்கு குறுகலாக இருக்கட்டும். ஊன்றுகோல் சிக்கக் கூடாது.

பலன் என்ன? 20 அடி நீளம், 10 அடி அகல வாசலில் 5 செ.மீ. மழை பெய்தால் விழுவது சுமார் 930 லிட்டர்! தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மொட்டைமாடித் தண்ணீரைக் குழாய் வைத்துப் பிடிக்கிறோம். வாசல் தண்ணீரைத் தெருவுக்குத் தள்ளிவிடுகிறோம். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் தவித்த அதே சென்னை, 2019 கோடையில் குடத்தோடு அலைந்ததே!

சில எச்சரிக்கைகள்: களிமண் தரையில் நீர் மெதுவாகத்தான் இறங்கும். ஒரு அடிக் குழி தோண்டி, நீர் ஊற்றிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சரிவு வீட்டுச் சுவர்ப் பக்கம் வேண்டாம். இந்தத் தளத்தில் சோப்பு போட்டுக் கார் கழுவாதீர்கள். அந்த நீர் நேரே மண்ணுக்குத்தான் போகும். இடுக்கில் மண்ணும் சருகும் அடைக்காமல் அடிக்கடி பெருக்குங்கள்.

மொத்த வாசலையும் பெயர்க்க வசதிப்படாதா? தண்ணீர் தேங்கும் மூலையை மட்டுமாவது இந்த மழைக்கு முன் மாற்றிப் பாருங்களேன்.