மருந்துக்கு அடங்காத கிருமி: காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்!



தாமலில் ஒரு நெசவு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு. கோழையைப் பரிசோதித்ததில் காசநோய் என்று தெரிந்தது. மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. இருமல் நின்றுவிட்டது. பசி எடுக்கிறது.

"உடம்புதான் தேவலாம்னு ஆயிடுச்சே. இன்னும் எதுக்கு மாத்திரை? தின்னா குமட்டுது, தறியில உட்கார முடியல" என்கிறார் கணவர்.

"இல்லீங்க, ஆறு மாசம் விடாம சாப்பிடணும்னு நர்சம்மா சொன்னாங்களே. வீட்ல குழந்தை வேற இருக்கு" என்கிறார் மனைவி.

யார் சொல்வது சரி? மனைவி சொல்வதுதான் சரி. காரணத்தைக் கேளுங்கள்.

கிருமிக்குள்ளும் ஒரு தறி

காசநோய்க் கிருமியின் உடம்பைச் சுற்றி மெழுகு போன்ற கெட்டியான உறை உண்டு. அந்த உறை இல்லாமல் அது பிழைக்க முடியாது. உறைக்கு வேண்டிய மெழுகைத் தயாரிக்க அதனுள்ளே சில நொதிகள் வேலை செய்கின்றன. அவற்றில் ஒன்றை நாம் 'தறி' என்று வைத்துக்கொள்வோம்.

1952-ல் காசநோய்க்கு வழங்கப்பட்ட ஐசோனியசிட் என்ற மருந்து, இந்தத் தறியில் போய் உட்கார்ந்து அதை ஓடவிடாமல் செய்கிறது. உறை நெய்ய முடியாமல் கிருமி சாகிறது.

எத்தனை தறி போட வேண்டும் என்று கிருமிக்கு யார் சொல்வது? அதன் மரபணு சொல்கிறது. மரபணுக்களுக்கு முன்னால் கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது. இது ஏரி மதகு மாதிரி. தாமல் ஏரி நிரம்பியிருந்தாலும், மதகை எவ்வளவு தூக்குகிறோமோ அவ்வளவு தண்ணீர்தானே வயலுக்குப் பாயும்? அதுபோல, மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை இந்த மதகுதான் தீர்மானிக்கிறது.

மதகு பழுதானால்?

கிருமியின் மரபுச் செய்தி சுமார் 44 லட்சம் எழுத்துக்களால் ஆனது. கிருமி பெருகும்போது இதை நகல் எடுக்கிறது. எப்போதாவது ஓர் எழுத்து தவறிப்போகும். அந்தத் தவறு தறிக்குரிய மதகில் விழுந்தால் மதகு முழுதாகத் திறந்துகொள்ளும். தறி அதே தறிதான், ஆனால் எண்ணிக்கை பல மடங்காகிவிடும்.

மருந்து பத்துத் தறியை நிறுத்தினாலும் மற்றத் தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். உறை நெய்யப்படும். கிருமி பிழைத்துக்கொள்ளும். இதே தறியைத் தாக்கும் எத்தியோனமைடு என்ற இன்னொரு மருந்தும் அதனிடம் பலிக்காமல் போகும்.

கிருமிக்கு வேறு வழியும் உண்டு. ஐசோனியசிட் கிருமிக்குள் போன பிறகுதான் கூர்மை பெறுகிறது. அதைக் கூர்மையாக்குவது கிருமியின் சொந்த நொதி ஒன்று. அந்த நொதி கெட்டுப்போனால் மருந்து மழுங்கலாகவே நின்றுவிடும். அதிகம் காணப்படுவது இந்த வழிதான். மதகு மாறுவது அதற்கு அடுத்தது.

இதுவுமன்றி, சில கிருமிகள் எந்த எழுத்தும் மாறாமலே பல மரபணுக்களைத் தணித்து வைத்துவிட்டு உறங்கும். உறங்கும் கிருமியை மருந்து சீக்கிரம் கொல்லாது. இருமல் நின்ற பிறகும் மாத்திரை தேவைப்படுவது இதனால்தான்.

ஒரே மாத்திரை ஏன் போதாது?

மருந்தைச் சாப்பிடுவதால் எழுத்து மாறுகிறது என்று நினைக்க வேண்டாம். மாறிய கிருமி முன்பே கூட்டத்தில் ஒளிந்திருக்கிறது. நுரையீரலில் விழுந்த ஒரு பள்ளத்தில் சுமார் 10 கோடி கிருமிகள் இருக்கலாம். ஐசோனியசிட்டுக்கு அடங்காதது ஏறக்குறைய 10 லட்சத்தில் ஒன்று. ஆக, அந்தப் பள்ளத்திலேயே சுமார் 100 இருக்கும். அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை செத்து, இந்த நூறும் இடம் கிடைத்துப் பெருகும். பயிரை அழித்துவிட்டுக் களையை விட்டுவைத்த கதைதான்.

ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது சுமார் 10 கோடியில் ஒன்று. இரண்டுக்கும் ஒருசேர அடங்காத கிருமி அநேகமாக இருக்காது. அதனால்தான் முதல் 2 மாதம் நான்கு மருந்தும், அடுத்த 4 மாதம் மூன்று மருந்தும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். "இந்த மாத்திரை மட்டும் போதும்" என்று ஒன்றை ஒதுக்கினாலும், விட்டு விட்டுச் சாப்பிட்டாலும், அடங்காத கிருமிக்கு நாமே வழிவிட்டவர்கள் ஆவோம். அந்தக் கிருமி இருமல் மூலம் மனைவிக்கும் குழந்தைக்கும் போகும். அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே அந்த மருந்து பலிக்காது.

சென்னை காட்டிய வழி

இதற்கு நம் மண்ணிலேயே பாடம் உண்டு. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். ஒரு பகுதி நோயாளிகளுக்குச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினருக்கு வீட்டிலும் ஓராண்டு ஒரே மாதிரியான மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது. வறுமையிலும் நெருக்கடியான வீட்டிலும் இருந்தவர்கள், சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழச் சமமாகக் குணமானார்கள். வீட்டாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. ஆக, நோயைத் தீர்ப்பது மருந்துதான். அதை ஒழுங்காகச் சாப்பிடுவது நம் கையில் இருக்கிறது.

தம்பதியர் செய்ய வேண்டியவை

1. மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். ஒருவர் சாப்பிட மற்றவர் பக்கத்தில் இருந்து பாருங்கள். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

2. குமட்டல் இருந்தால் நர்சம்மாவிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயம் வேண்டாம், அது மருந்தின் நிறம். ஆனால் கண் மஞ்சளானாலோ, விடாத வாந்தி இருந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள்.

3. கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடும் தாய்மார்கள் கவனியுங்கள். ரிஃபாம்பிசின் அந்த மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். காப்பர்-டி அல்லது ஆணுறை பற்றி நர்சம்மாவிடம் கேளுங்கள்.

4. பால் கொடுக்கும் தாய்க்கு நோய் இருந்தாலும் மருந்து சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம். முகத்தை மூடிக்கொள்ளுங்கள். குழந்தையையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

5. வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நோய் இல்லாதவர்களுக்கும் தடுப்பு மருந்து உண்டு.

6. கோழையைப் பரிசோதித்தே கிருமி எந்த மருந்துக்கு அடங்காது, மதகு மாறியதா, நொதி கெட்டதா என்று கண்டுபிடிக்கலாம். கேட்கும்போது கோழை கொடுக்கத் தயங்காதீர்கள்.

7. சத்தான உணவுக்காக 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வழங்கப்படுகிறது. பெயரைப் பதிவு செய்து பெற்றுக்கொள்ளுங்கள்.

மருந்துக்கு அடங்காத கிருமிக்கும் இன்று வேறு மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அந்தச் சிகிச்சைக்குக் கண்காணிப்பும் கஷ்டமும் அதிகம். அந்த நிலை வராமல் காப்பது இந்த ஆறு மாதம்தான்.

பாவு முடியுமுன் தறியை விட்டு எழுந்தால் சேலை ஆகுமா? மருந்தும் அப்படித்தான்.

முழுதாய்ச் சாப்பிடுவோம்! முழுதாய்க் குணமடைவோம்!