கோல் காப்பாளரின் முழங்கால் சொல்லும் பாடம்

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டால் மைதானமே களைகட்டிவிடும். எம்பிலிப்பிட்டிய வெயிலில் காய்ந்து இறுகிய தரையில் வலைப்பந்துப் பயிற்சி நடக்கும்போது யாராவது ஒருத்தி கால் பிசகி விழுவதும் வழமைதான். விழுந்தவள் எழுந்து நின்று முதலில் சொல்லும் வார்த்தை, "ஒன்றுமில்லை" என்பதாகும். உண்மையைச் சொன்னால் அணியில் இடம் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். "இனி விளையாட்டே வேண்டாம்" என்று உம்மாவும் வாப்பாவும் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் மறுபக்கம்.

இந்த "ஒன்றுமில்லை" எவ்வளவு ஆபத்தானது என்பதையும், காயத்தை மறைக்காமல் முறையாகக் கவனித்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் ஒரு ஹொக்கி கோல் காப்பாளரின் வாழ்க்கை காட்டுகிறது.

விழுந்தவர் எழுந்த கதை

பி. ஆர். ஸ்ரீஜேஷ் 1988ஆம் ஆண்டு கேரளாவின் எர்ணாகுளம் மாவட்டத்திலுள்ள கிழக்கம்பலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்திலுள்ள விளையாட்டுப் பாடசாலையில் சேர்ந்த பின்னரே ஹொக்கிக்கு வந்தார். கோல் காப்பாளருக்கான காலுறைக் கவசம் விலை கூடியது. அதை வாங்குவதற்காகத் தந்தை வீட்டுப் பசுவை விற்றார். இந்தியத் தேசிய அணிக்காக ஸ்ரீஜேஷ் முதன்முதலில் களமிறங்கியது 2006இல் நமது கொழும்பில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டுப் போட்டியிலாகும்.

2014 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வெல்ல உதவினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அணித்தலைவராக இருந்தார். இவ்வாறு உச்சத்தில் நின்ற வேளையில், 2017 மே மாதம் மலேசியாவின் ஈப்போ நகரில் நடந்த அஸ்லான் ஷா கிண்ணப் போட்டியில், அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடும்போது அவரது முழங்கால் காயமடைந்தது. முழங்காலினுள் இருக்கும் முக்கியமான நார் கிழிந்துவிட்டது. சத்திரசிகிச்சை தேவைப்பட்டது.

அவர் மாதக்கணக்கில் களத்துக்கு வெளியே இருந்தார். அணித்தலைமை வேறொருவருக்குச் சென்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் டாக்காவில் நடந்த ஆசியக் கிண்ணத்தை அவர் இல்லாமலேயே இந்திய அணி வென்றது. தான் இல்லாமலும் அணி வெல்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டு பொறுமையாகப் பயிற்சி செய்வது எந்த வீரருக்கும் இலகுவானதல்ல.

2018 ஜனவரியில் நியூசிலாந்தில் நடந்த போட்டித் தொடரில் மீண்டும் களமிறங்கினார். 2021இல் டோக்கியோவில் ஜேர்மனிக்கு எதிராக 5-4 என்ற நிலையில் கடைசி விநாடிகளில் கிடைத்த பெனால்டி கோர்னரை அவர் தடுத்தபோது, இந்தியாவுக்கு 41 ஆண்டுகளின் பின் ஒலிம்பிக் ஹொக்கிப் பதக்கம் கிடைத்தது. 2024இல் பாரிஸில் இரண்டாவது வெண்கலப் பதக்கத்துடன் ஓய்வு பெற்றார். அந்த இரு பதக்கங்களும் முழங்கால் கிழிந்த பின்னர் பெற்றவை.

முழங்காலுக்குள் நடப்பது என்ன?

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து வைத்திருக்கும் நார்களில் ஒன்று முழங்காலின் நடுவே குறுக்காகச் செல்கிறது. வைத்தியர்கள் அதனைச் சுருக்கமாக ஏ.சி.எல். என்பர். நாம் திரும்பும்போதும் குதித்து நிற்கும்போதும் கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்கிவிடாமல் பிடித்துவைப்பது இதுதான்.

இது கிழிவதற்கு ஒருவர் மோத வேண்டும் என்பதில்லை. பந்தைப் பிடிக்கத் துள்ளி, முழங்கால் உட்பக்கம் சாய ஒற்றைக் காலில் வந்து நின்றாலே போதும். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவுடன் ஓட்டத்தை நிறுத்தியாக வேண்டும் என்பதால் அந்த ஆட்டத்தில் இக்காயம் அதிகம். ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது கூடுதலாக ஏற்படுகிறது என்பதும் ஆய்வுகளில் உறுதியான விடயம்.

கிழியும்போது பலருக்கு "டக்" என்ற சத்தம் கேட்கும். சில மணித்தியாலங்களில் முழங்கால் வீங்கும். ஆனால் ஓரிரு வாரங்களில் வீக்கம் வற்றிவிடும். நடக்கலாம், நேராக ஓடவும் முடியும். "சுகமாகிவிட்டது" என்று நாம் ஏமாறுவது இங்கேதான். மைதானத்தில் சட்டென்று திரும்பும்போது முழங்கால் மடங்கிவிடும். அப்படி மடங்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு நசியலாம். மறைத்த காயம் ஒன்று இரண்டாகும். பிற்காலத்தில் மூட்டுத் தேய்வாகவும் வந்து நிற்கும்.

எனவே, விழுந்தவுடன் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். துணியில் சுற்றிய ஐஸை பதினைந்து, இருபது நிமிடங்கள் வைத்து, பண்டேஜ் சுற்றி, காலை உயர்த்தி வைக்க வேண்டும். முதல் இரண்டு நாட்களில் எண்ணெய் தேய்த்து உருவுவதும் சூடு வைப்பதும் வீக்கத்தைக் கூட்டும். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டுமே தெளிவாகத் தெரியும்; நார் தெரியாது. ஆகவே "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்பதோடு நின்றுவிடாமல், முழங்கால் தளர்வாக இருக்கிறது என்றால் அதை வைத்தியரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் காட்டுவதற்குக் கட்டணமும் இல்லை.

குணமடைதல் என்பது வெறும் ஓய்வல்ல

சத்திரசிகிச்சையில், பெரும்பாலும் நோயாளியின் காலிலிருந்தே ஒரு நாரை எடுத்துப் பழைய நார் இருந்த இடத்தில் பொருத்துவார்கள். அந்தப் புதிய நார் முதல் சில மாதங்களில் பலமடைவதற்குப் பதிலாகப் பலம் குறைந்து, பிறகே மெல்ல மெல்ல உறுதியாகிறது. வலி நிற்கும் காலமும் நார் உறுதியாகும் காலமும் ஒன்றல்ல. இதனாலேயே, வலியில்லை என்று மூன்று மாதத்தில் ஓடத் துணிபவர்கள் மீண்டும் விழுகிறார்கள். குறைந்தது ஒன்பது மாதமாவது பொறுக்குமாறு இன்று வைத்தியர்கள் பொதுவாக ஆலோசனை கூறுகின்றனர்.

இம்மாதங்கள் படுத்திருக்கும் மாதங்களும் அல்ல. முதலில் காலை முழுமையாக நீட்டப் பழக வேண்டும். அடுத்து மடக்க வேண்டும். பின்னர் மெலிந்துபோன தொடைத் தசையைப் பலப்படுத்தல், ஒற்றைக் காலில் நிற்றல், மெதுவான ஓட்டம், கடைசியாகக் குதித்தலும் திரும்புதலும் என்று படிப்படியாக வரும். இயன்மருத்துவரின் வழிகாட்டலுடன் வீட்டிலும் தினமும் செய்ய வேண்டிய பயிற்சி இது. ஸுஜூதுக்கும் இருப்புக்கும் முழங்காலை மடக்க எப்போது தொடங்கலாம் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். அதுவரை இயலாதவர் கதிரையில் அமர்ந்து தொழ மார்க்கம் இடமளித்திருக்கிறது.

கவசம் கோழைத்தனமா?

ஐஸ் ஹொக்கியில் ஒரு காலத்தில் கோல் காப்பாளர்கள் வெறும் முகத்துடனேயே நின்றார்கள். முகமூடி அணிவது பயந்தவர் செயல் என்ற எண்ணம் இருந்தது. 1959 நவம்பர் 1ஆம் திகதி நியூயோர்க்கில் நடந்த ஆட்டத்தில் மொன்றியல் அணியின் ஜாக் பிளான்டின் முகத்தில் அடிபட்டது. தையல் போட்டு வந்தவர், முகமூடி இல்லாமல் களமிறங்க மறுத்தார். பயிற்றுநருக்கு விருப்பமில்லை, ஆனால் மாற்றுக் காப்பாளரும் இல்லை. முகமூடியுடன் ஆடினார், அணி வென்றது. இன்று முகக்கவசம் இல்லாத கோல் காப்பாளரை அந்த விளையாட்டில் காணவே முடியாது.

நமக்குரிய கவசம் பயிற்சிக்கு முந்திய பதினைந்து நிமிடங்களாகும். உடலைச் சூடாக்கி, தொடைத் தசைகளைப் பலப்படுத்தி, குதித்தால் இரு காலிலும் முழங்காலை மடக்கி, அது உட்பக்கம் சாயாமல் நிற்கப் பழகுவதே அது. இத்தகைய பயிற்சியை வாரந்தோறும் தவறாமல் செய்யும் பெண்களிடம் இந்தக் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

உங்கள் மகள் காலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வரும்போது, "சொன்னேனே, கேட்டாயா?" என்று ஆரம்பிக்காதீர்கள். அடுத்த தடவை அவள் சொல்லமாட்டாள். எங்கே வலிக்கிறது, எப்படி விழுந்தாய் என்று கேளுங்கள்; வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். விளையாடுவதா நிறுத்துவதா என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மாணவியரே! உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதற்கும் நம்மீது உரிமை உண்டென்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். வலிக்கிறது என்று சொல்வது பலவீனமல்ல. அமானிதத்தைப் பேணும் பொறுப்பாகும். அடுத்த முறை விழுந்தால் "ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள். "இங்கே வலிக்கிறது" என்று சொல்லுங்கள்.