சாறு உறிஞ்சும் இரு பூச்சிகள்

விளைந்துவரும் நெல்வயலில் சிற்சில இடங்கள் மட்டும் வட்டத் திட்டுகளாகக் காய்ந்து, புகையால் கருகினாற்போல் பழுப்பேறி நிற்பதை மாணவர் சிலர் கண்டிருக்கலாம். அக்கேட்டினை விளைப்பது புகையான் என்னும் தத்துப்பூச்சி. அதன் நீளம் அரை சென்டிமீட்டரும் இராது. சோட்டா நாகபுரிக் காடுகளில் வாழும் அரக்குப் பூச்சியும் அதனைப் போன்றே ஊசி வாயால் சாறு பருகுவதே. எனினும், ஒன்றனை உழவர் அஞ்சுகின்றனர். மற்றொன்றனைக் காடுவாழ் மக்கள் மரத்தில் ஏற்றி வளர்க்கின்றனர்.

இரண்டும் பருகும் சாற்றில் சர்க்கரை மிகுதி. உடலை வளர்க்கும் தழைச்சத்தோ மிகக் குறைவு. ஆதலால் அவை ஓயாது குடித்து, எஞ்சிய இனிப்பைத் தேன்துளி போலக் கழிக்கின்றன. அக்கழிவின்மேல் கரும்பூசணம் படர்கிறது.

அரக்குப் பூச்சியின் குஞ்சு செந்நிறமுடையது. அரை மில்லிமீட்டர் அளவினது. புரசு, பூவம், இலந்தை ஆகிய மரங்களின் இளங்கொம்பில் ஊர்ந்து சென்று, ஏற்ற இடத்தில் வாயை ஊன்றிவிடும். பெண்பூச்சி பின்னர் அவ்விடம் விட்டுப் பெயர்வதே இல்லை. அதன் கால்களும் மறைந்துபோகின்றன. பகைவர்க்கு அஞ்சி ஓடவியலாத அவ்வுயிர், தன் உடலினின்று கசியும் பிசினால் தன்னையே மூடிக்கொள்கிறது. அருகருகே அமர்ந்த எண்ணற்ற பூச்சிகளின் மூடுகள் ஒன்றாய் இணைந்து கொம்பினைப் போர்த்துகின்றன. அதனைச் சுரண்டி எடுத்ததே அரக்கு. வளையல்களும் முத்திரைகளும், முன்னாளில் இசைத்தட்டுகளும் அதனால் ஆயின. இப்பூச்சியால் மரத்திற்குத் துன்பமே இல்லை என்று எண்ணிவிடலாகாது. அளவு மிஞ்சினால் கொம்பு வாடும். அதனாலேயே வளர்ப்போர் மரங்களுக்கு இடையிடையே ஓய்வு தருகின்றனர்.

மரம் பல்லாண்டு நிற்பது. நெற்பயிரோ சில திங்களில் அறுவடையாகிவிடுவது. ஓரிடத்தே ஒட்டிக்கொண்டால் புகையான் அழிந்துபோகும். ஆகவே அதற்கு இருவகை வடிவம் அமைந்துள்ளது. உணவு நிறைந்திருக்கையில் குறுஞ்சிறகுடைய பெண்பூச்சிகள் தோன்றி, பறக்கும் முயற்சியின்றி மிகுதியாக முட்டையிடும். கூட்டம் பெருகிப் பயிர் வாடத் தொடங்கியதும் நெடுஞ்சிறகுடையவை தோன்றிப் பறந்துவிடும். இவ்வாறு சீனத்திலிருந்து காற்றோடு கடல் கடந்து, ஆண்டுதோறும் ஜப்பானை அடைகின்றன என்றால் வியப்பன்றோ!

நஞ்சு தெளித்து இதனை ஒழிக்க முயன்ற இடங்களில், இதனைத் தின்னும் சிலந்திகளே முதலில் மடிந்தன. புகையான் முன்னிலும் பெருகிற்று. இந்தோனேசிய அரசு 1986-ஆம் ஆண்டில் 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்வயல்களில் தெளிக்கத் தடை விதித்தது. நம் நாட்டு உழவர் எட்டு அடிக்கு ஓர் அடி இடைவெளி விட்டு நடுகின்றனர்; நோய் கண்டால் நீரை வடிக்கின்றனர். தூரில் காற்றும் வெயிலும் படுமாயின், நிழலும் ஈரமும் விரும்பும் புகையான் அங்குப் பெருகுவது குறையும்.